தனக்குப் பின்னால் வரிசையில் நின்ற நீர்நாய்

ஒரு காட்டில் நான்கு நூலகங்கள் இருந்தன. காடென்றால் சிங்கம் இருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அது ஒரு நாளும் நூலகப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பதால் இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, மூங்கில் தோப்பில் ஒன்று, பாறையடியில் ஒன்று என்று நான்கு நூலகங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் புத்தகங்கள் இருந்தன. வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். படித்தார்கள். திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். இப்படி ஒரு பிற்போக்கான நிலையில் அந்தக் காடு காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இருவாச்சிப் பறவை தணிகாசலம் தூரத்துக் காடொன்றில் நடந்த மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். மாநாட்டுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு துணிப்பையும் ஒரு புதுச் சொல்லும் கொண்டுவருவார்கள். துணிப்பை எப்படியும் நாலு நாளில் கிழிந்துவிடும், சொல்தான் ஊரை ஒரு வழி பண்ணும். தணிகாசலம் கொண்டுவந்த சொல் 'வளப் பகிர்வு'. அவருக்கு அலகு பெரிது. சொன்னால் காடு முழுக்கக் கேட்கும்.

"நாலு நூலகமும் நாலு மூலையில தனித்தனியா கெடந்து என்ன பிரயோஜனம்? ஒரே புத்தகத்தை நாலு எடத்துல வெச்சுக் காப்பாத்தறது எவ்வளவு பெரிய வீண்வேலை. இனிமே மேட்டுல இருக்கறது பள்ளத்துக்கும் சொந்தம். பள்ளத்துல இருக்கறது பாறையடிக்கும் சொந்தம். யாருக்கு எது வேணுமோ, பக்கத்து நூலகத்துலேர்ந்து வரவழைச்சுத் தருவோம்" என்றார்.

கேட்கிறதுக்கு நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், குரங்குகள் காலையும் சேர்த்துத் தட்டின. 'காடு தழுவிய நூலகக் கூட்டமைப்பு' பிறந்தது, தணிகாசலமே தலைவரானார். நூலகத்துக்கு ஒரு திரை வந்தது. அதைத் தொட்டால் எந்தப் புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று காட்டும். மேட்டு நூலகத்தில், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதற்கென்று ஒரு மைனாவையும் வேலைக்கு வைத்தார்கள். 'தெரியாது' என்ற வார்த்தை அந்த மைனாவின் வாயில் வராது. அதுதான் அதன் படிப்பு, அதுதான் தகுதி.

இப்போது வடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளத்து நூலகத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு குளம். அந்தக் குளக்கரையில் வளை தோண்டிக் குடியிருந்த நீர்நாய்தான் வடிவு. அவளுக்கு மூன்று குட்டிகள். மூன்றும் இன்னும் நீந்தப் பழகாதவை. குளத்து மீன்களின் நலனில் வடிவுக்கு இருந்த அக்கறை அந்தக் காட்டில் வேறு யாருக்கும் கிடையாது. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தவறாமல் அக்கறை காட்டுவாள்.

அந்த மீன்களுக்குத்தான் நோய் வந்தது. உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் புண். செதில் கழன்று விழுந்தது. முதலில் கெண்டை, அப்புறம் விரால், அப்புறம் பார்த்த இடமெல்லாம் வெள்ளை வயிறு மிதந்தது. பசி பொறுக்காமல் ஒரு புண் மீனைத் தின்ற கடைக்குட்டி இரண்டு நாள் தலை தூக்கவில்லை. அடுத்த ஆறு மலைக்கு அந்தப் பக்கம். குட்டிகளை நடத்திக் கூட்டிப் போக முடியாது, வாயில் கவ்விக்கொண்டு போனால் ஒன்றை எடுத்துப் போவதற்குள் மற்ற இரண்டையும் பருந்து பார்த்துக்கொள்ளும். குளத்து மீன் பிழைத்தால் குட்டிகள் பிழைக்கும். இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் வடிவுக்கு ஒரு தைரியம் இருந்தது. பள்ளத்து நூலகத்தில் 'குளத்து மீன் நோயும் கைமருந்தும்' என்று ஒரு புத்தகம் உண்டு. பச்சை அட்டை. வைத்தியரிடம் நாக்கை நீட்டுகிற மாதிரி ஒரு கெண்டை மீன் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் படம். சன்னலோர அலமாரியில் இரண்டாவது தட்டில் அது இருந்ததை அவளே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். நோய் வராத காலத்தில் அதையெல்லாம் யார் எடுத்துப் படிக்கிறார்கள்? குட்டிகளைப் பக்கத்துப் பொந்து ஆமையிடம் விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினாள்.

அங்கே சன்னல் இருந்தது. அலமாரி இல்லை. அலமாரி இருந்த இடத்தில் மெத்து மெத்தென்று ஒரு சோபா போட்டிருந்தார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவாங்கு அய்யாவு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேவாங்குக்குப் பகலில் கண் சொக்கும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் நூலகத்தின் வேலை நேரத்தைப் பகலில் வைத்திருந்தார்கள்.

"அண்ணே, இங்க இருந்த அலமாரி எங்கண்ணே?" என்று கேட்டாள் வடிவு.

"அதெல்லாம் எடுத்தாச்சு தாயி. இது கலந்துரையாடல் மூலை. உக்காந்து பாரு, எவ்வளவு மெத்துன்னு இருக்கு."

"எனக்கு உக்கார நேரமில்ல. மீன் நோய்ப் புத்தகம் வேணும். அந்தப் பச்சை அட்டை."

அய்யாவு திரையை மெதுவாகத் தொட்டார். அவர் எதையும் மெதுவாகத்தான் தொடுவார். திரை ஒளிர்ந்தது. அவர் முகமும் மலர்ந்தது.

"ஒண்ணில்ல தாயி, நாலு பிரதி இருக்கு. மேட்டுல ஒண்ணு, மூங்கில் தோப்புல ஒண்ணு, பாறையடியில ஒண்ணு, நம்ம பள்ளத்துல ஒண்ணு."

"நம்ம பள்ளத்துல இருக்கறதையே எடுத்துக் குடுங்க."

"நம்மகிட்ட எங்க இருக்கு? சித்திரை சுத்தத்துல கழிச்சுட்டோமே. மத்த மூணு எடத்துல இருக்குன்னு திரை காட்டுச்சு, அப்புறம் நாம எதுக்கு வெச்சுக்கிட்டு எடத்தை அடைக்கணும்? அதான் சோபா வந்துச்சு. நீ கவலைப்படாத. மூங்கில் தோப்புலேர்ந்து வரவழைச்சுடலாம். பகிர்வுன்னா அதுதானே."

வடிவின் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, கோரிக்கையைத் திரையில் ஏற்றினார். திரை 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியம்' என்று காட்டியது. வடிவு அதை நம்பினாள். பாவம், அவளுக்கு அதுவரை இந்த மாதிரித் திரைகளோடு பழக்கமில்லை.

சில நாள் கழித்து வந்து கேட்டாள். கோரிக்கை மூங்கில் தோப்பிலிருந்து பாறையடிக்குப் போயிருப்பதாக அய்யாவு சொன்னார். மறுபடி வந்தாள். பாறையடியிலிருந்து மேட்டுக்குப் போயிருக்கிறது என்றார். கோரிக்கை ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. குளத்தில் மிதக்கிற மீன்கள் கூடிக்கொண்டே போயின. வடிவு தவளை, நத்தை என்று கிடைத்ததைக் குட்டிகளுக்கு ஊட்டினாள். குட்டிகள் மூஞ்சியைச் சுளித்தன, மெலிந்தும் போயின.

அடுத்த தரம் போனபோது அய்யாவு சந்தோஷமாக இருந்தார். "வா தாயி, உன் புத்தகத்துக்கு நல்ல கிராக்கி. மேட்டுலேர்ந்து இப்பத்தான் நமக்கு ஒரு கோரிக்கை வந்திருக்கு. அதே பச்சை அட்டைப் புத்தகம் வேணுமாம்."

"யாருக்கு?"

அய்யாவு கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் படித்தார். "வடிவு, குளத்தங்கரை, பள்ளம்னு போட்டிருக்கு."

"அது நான்தானேண்ணே."

"இருக்கலாம். ஆனா மேட்டு நூலகத்து மூலமா முறைப்படி வந்திருக்கே. வெளி நூலகத்துக் கோரிக்கைன்னா முன்னுரிமை குடுக்கணும்னு தலைவர் சொல்லியிருக்கார். அதனால அந்த வடிவு முதல்ல. நீ ரெண்டாவது."

"எனக்கு முன்னாடி நிக்கறது நானா?"

"கோவப்படாத தாயி. அவங்க படிச்சுட்டுக் குடுத்ததும் உனக்குத்தான்."

வடிவு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். தன் குட்டிகள் பட்டினி கிடக்க, இந்தத் திரைக்குள் இருக்கிற இன்னொரு வடிவுக்குப் பின்னால் தான் வரிசையில் நிற்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அய்யாவுவை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று நிமிர்ந்தாள். அவர் தூங்கிப் போயிருந்தார்.

சரி, நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள். மூங்கில் தோப்புக்குப் போனாள். அங்கே நல்ல மரியாதை. சோபாவில் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மற்ற மூன்று இடத்தில் இருப்பதால் தங்கள் பிரதியைக் கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். பாறையடியிலும் சோபா. அவர்களும் அதே காரணத்துக்காகக் கழித்திருந்தார்கள், போதாக்குறைக்குப் பக்கத்து நூலகத்தை நம்புவதுதான் கூட்டமைப்பின் உயிர்நாடி என்று ஒரு பாடமும் எடுத்தார்கள். வடிவு ஈரம் காய்ந்த உடம்போடு, பாதம் வெடிக்க, மேட்டுக்கு ஏறினாள்.

மேட்டிலும் அதே சித்திரை சுத்த வாரத்தில் பிரதியைக் கழித்திருந்தார்கள். அங்கே தலைவர் தணிகாசலத்துக்குத் தனி அறை. மைனா அவர் மேசை மேலேயே உட்கார்ந்திருந்தது. வடிவு நடந்ததையெல்லாம் சொன்னாள். தணிகாசலம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பெரிய அலகு ஆடும்போது எதிரில் இருப்பவருக்குத் தாம் சொல்வது ஏறுகிறது என்றே தோன்றும்.

"ஆகக்கூடி நாலு எடத்துலயும் இல்லீங்க. ஒருத்தர்கிட்ட இருக்குன்னு இன்னொருத்தர், இன்னொருத்தர்கிட்ட இருக்குன்னு மத்தவர், இப்படி நாலு பேரும் ஒரே வாரத்துல கழிச்சுட்டாங்க" என்றாள்.

"ஒரே வாரத்துலயா?" தணிகாசலம் நெகிழ்ந்துபோனார். "பாத்தியாம்மா, சொல்லி வெச்ச மாதிரி எப்படி ஒத்துமையா வேலை செய்யறாங்க. கூட்டமைப்புக்கு முன்னாடி இந்த ஒத்துமை உண்டா இவங்களுக்குள்ள?"

"கழிச்ச புத்தகமெல்லாம் எங்கேங்க?"

"கறையான் சங்கத்துக்கு நன்கொடையா குடுத்தோம். ரொம்ப ஆர்வமா வாங்கிக்கிட்டாங்க. ஒரு பக்கம் விடாம முடிச்சுட்டாங்களாம். அந்த மாதிரி வாசகர்கள் இப்ப எங்க கிடைக்கறாங்க?"

"அப்ப திரையில மட்டும் நாலு பிரதின்னு ஏன் இருக்கு?"

"எடுத்துட்டா எண்ணிக்கை குறையுமில்ல? நாலு நூலகமும் சேந்து எத்தனை புத்தகம் வெச்சிருக்கோம்னு மாநாட்டுல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது? அலமாரியில இருக்கா இல்லையாங்கறதெல்லாம் பழைய காலத்துக் கேள்வி. பட்டியல்ல இருக்கா, அதுதான் கேள்வி."

வடிவு கும்பிட்டாள். "அய்யா, எனக்குப் பட்டியல் வேணாம். குட்டிங்க சாகக் கெடக்கு. ஒரு வழி சொல்லுங்க."

இதைக் கேட்டதும் தணிகாசலத்துக்கு உண்மையிலேயே இரக்கம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை பேருக்கு இத்தனை சிரமம் கொடுத்திருக்க முடியாது. மைனாவைப் பார்த்து, "அந்தப் புத்தகத்தோட சாரத்தைச் சொல்லு" என்றார். வடிவிடம் திரும்பி, "புத்தகமே இல்லாம புத்தகத்தோட சாரம். எதிர்காலம் இதுதாம்மா" என்றார்.

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது. "மிக நல்ல கேள்வி. நோய் கண்ட மீன்களை நீரிலிருந்து எடுக்கவும். வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்யவும். கல்லுப்பு தடவிக் கடும் வெயிலில் காய வைக்கவும். பிறகு புண், நாற்றம், புழு எதுவும் அண்டாது. ஆறு மாதம் வரை கெடாது."

"அது கருவாடு போடறது" என்றாள் வடிவு.

"நீங்கள் சொல்வது மிகவும் சரி" என்றது மைனா.

"மீன் செத்துப் போயிடுமே?"

"அதுவும் சரி. செத்த மீனுக்கு நோய் வராது என்பதையும் கவனிக்கவும்."

அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தை மைனா கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கூட்டமைப்பில் கழிக்காமல் விட்டிருந்த ஒரு சமையல் புத்தகத்தை மட்டும் படித்திருந்தது, மீன் என்று வந்ததும் தெரிந்ததைச் சொல்லிவிட்டது. தணிகாசலம் பெருமையோடு வடிவைப் பார்த்தார். வடிவு மேட்டை விட்டு இறங்கி வந்தாள். வழியெல்லாம் அழுதாள்.

மறுபடியும் பள்ளத்து நூலகத்துக்குத்தான் போனாள், கால் பழகிய வழி அது. அவள் முகத்தைப் பார்த்த அய்யாவுக்கு அன்றைக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. நாலு இடத்திலும் இல்லை என்று கேள்விப்பட்டதும் அவருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. தன் கையால்தானே கறையானுக்குத் தூக்கிக் கொடுத்தோம் என்று முதல் தடவையாக அவருக்கு உறைத்தது.

"அந்தச் சடையன் மட்டும் ஒழுங்கானவனா இருந்திருந்தா இன்னொரு பிரதி இருந்திருக்கும்" என்று முணுமுணுத்தார்.

"எந்தச் சடையன்?"

"காட்டுப்பன்றி சடையன். நம்மகிட்ட முன்னெல்லாம் ரெண்டு பிரதி இருந்துச்சு. ஒண்ணை எடுத்துட்டுப் போனவன் திருப்பியே குடுக்கல. வெளிக் கதவுல படம் போட்டு ஒட்டியிருக்கு பாரு."

வடிவு வெளியே வந்து பார்த்தாள். கதவில் ஒரு பன்றியின் படம். அதன் கீழே 'பகிர்வின் எதிரி' என்றும், சடையன், வறண்ட ஓடைக்கரைப் புதர் என்றும், எடுத்துப் போன புத்தகத்தின் பெயரும் எழுதியிருந்தது. வடிவு மிச்சத்தைப் படிக்க நிற்கவில்லை.

சடையன் புதருக்குள் படுத்திருந்தான். யாரோ வருகிறார்கள் என்றதும் எழுந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "புத்தகத்துக்காக வந்திருக்கியா? திரும்ப வாங்கிட்டுப் போக யாராவது ஒரு நாள் வருவாங்கன்னு தெரியும்" என்றான்.

"வாங்க வரல மாமா. இருக்கான்னு கேக்க வந்தேன்."

"இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு." புதருக்கு உள்ளே போய், தேக்கு இலையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தான். பச்சை அட்டை. வாயைப் பிளந்த கெண்டை. "நமக்கு மீன் எதுக்கு? கிழங்குப் புத்தகம்னு நெனச்சுத் தவறா எடுத்துட்டேன். திருப்பிக் குடுத்துடலாம்னுதான் அடுத்த வாரமே போனேன். கதவுல என் படம் தொங்குது. பாத்ததும் ஒரு மாதிரியாயிடுச்சு. அப்படியே திரும்பிட்டேன். அப்புறம் போகவே மனசு வரல."

வடிவுக்கு அந்த ஒழுங்கீனம் பிடித்த பன்றியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

"இரவல் வேணும் மாமா."

"எடுத்துட்டுப் போ. உன் பேர் என்ன, எந்த நூலகம், எதுவும் வேணாம் எனக்கு."

அன்றே படித்தாள். குளத்து அடியில் அழுகிக் கிடக்கிற இலையை வாரிப் போடு, நத்தை ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி மஞ்சளோடு கலந்து தண்ணீரில் தெளி, நோய் முற்றிய மீனைப் பிரித்துவிடு என்று புத்தகம் சொல்லியது. கருவாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆமை மஞ்சள் கொண்டுவந்தது, சடையன் வந்து மூக்கால் சேற்றை வாரினான். ஒரு வாரத்தில் புதுப் புண் நின்றது. பழைய புண்கள் ஆறி, செதில் திரும்ப வந்தது. கடைக்குட்டி நீந்தப் பழகி, முதல் முறையாகத் தானே ஒரு கெண்டையைப் பிடித்துக் கடித்துத் தின்றது. பிழைத்தெழுந்த சந்தோஷம் அந்தக் கெண்டைக்கு அரை நாள்கூட நீடிக்கவில்லை, அதை யார் கேட்கப் போகிறார்கள்?

செய்தி பரவியது. முதலில் வந்தது பாறையடிக் குட்டையில் வாழும் ஒரு நாரை. அங்கேயும் மீனுக்குப் புண் வந்துவிட்டதாம். சடையனைக் கேட்டுவிட்டு வடிவு புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினாள். அடுத்து வந்தவர் தணிகாசலம். பின்னாலேயே அய்யாவு மூச்சு வாங்க வந்தார்.

"வாழ்த்துகள்மா. கூட்டமைப்போட முதல் வெற்றிகரமான பகிர்வு உன்னோடதுதான். ஆண்டறிக்கையில போடப் போறோம்" என்றார் தணிகாசலம். "புத்தகத்தைக் குடு. அது கடைசிப் பிரதி. கண்ணாடிப் பெட்டியில வெச்சு மூடி மேட்டு நூலகத்துல பாதுகாக்கப் போறோம். இனிமே யாரும் தொடக் கூடாது. தொடாத புத்தகம் எப்படிம்மா கிழியும்?"

"யாருக்காவது படிக்க வேணும்னா?"

"திரையில நாலு பிரதி இருக்கே."

வடிவு தன் குட்டிகளைப் பார்த்தாள். நாரையின் குட்டையை நினைத்தாள். அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், ஆனாலும் அன்றைக்கு வாய் கூசவில்லை.

"தொலஞ்சு போச்சுங்க."

தணிகாசலத்தின் அலகு தொங்கிப்போனது. அய்யாவு ஒரு தரம் வடிவைப் பார்த்தார், ஒரு தரம் தரையைப் பார்த்தார். மறுநாளே வடிவின் உறுப்பினர் தகுதி ரத்தானது. நூலகக் கதவில், சடையனுக்குப் பக்கத்தில், அவள் படமும் ஏறியது. பகிர்வின் எதிரி, வடிவு, குளத்தங்கரை, 'குளத்து மீன் நோயும் கைமருந்தும்'.

தண்டனை என்று நினைத்து ஒட்டிய அந்தப் படம்தான் கூட்டமைப்பு அந்தக் காட்டுக்குச் செய்த ஒரே உபகாரம். மீன் நோய் வந்த குளத்துக்காரர்கள் நேரே கதவைப் பார்த்தார்கள், நேரே வடிவிடம் வந்தார்கள். புத்தகம் யாரிடம் போயிருக்கிறது என்று அவள் சொல்லி அனுப்புவாள். இதைப் பார்த்து மற்றவர்களும் விழித்துக்கொண்டார்கள். அடுத்த சித்திரை சுத்தம் வருவதற்குள் அவரவருக்குத் தேவைப்படும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய், கண்ணும் கருத்துமாகத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தார்கள். முள்ளம்பன்றி ஒரு கிழங்குப் புத்தகத்தைக் கொண்டுபோனது, சடையன் இன்னொன்றை. மரங்கொத்தி மரங்களைப் பற்றி இருந்ததையெல்லாம் அள்ளியது. உறுப்பினர் அல்லாத வடிவும் வந்து ஒரு கட்டுப் புத்தகம் தூக்கினாள். உறுப்பினர் அல்லாதவர் எடுத்துப் போனால் அது இரவல் இல்லை, திருட்டு. திருட்டுக்கென்று கூட்டமைப்பில் நடைமுறை எதுவும் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

கதவு நிறையப் படங்கள். அய்யாவு சோபாவை விட்டுவிட்டு நாற்காலியைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். புத்தகம் கை மாறினால் படத்தைக் கழற்றி, இப்போது வைத்திருப்பவரின் படத்தை ஒட்டுவார். "இதுல என் விருப்பம்னு ஒண்ணும் இல்ல. தண்டனைன்னு வந்தா ஒழுங்கா நிறைவேத்தணும்" என்பார். பகலெல்லாம் அவர் கண்ணில் தூக்கமே இல்லை. உள்ளே சோபாவில் தூசி படிந்தது. தணிகாசலத்துக்கும் குறையில்லை. எடுத்துப் போகப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை வரலாறு காணாத அளவுக்கு உயர்ந்திருந்தது, அதை மாநாட்டில் சொல்லி மறுபடி ஒரு துணிப்பை வாங்கி வந்தார்.

அப்புறம் ஒரு நாள் உச்சி வெயிலில் தணிகாசலம் தனியாகக் குளத்தங்கரைக்கு வந்தார். அவருடைய மனைவி மரப்பொந்துக்குள் முட்டைகளோடு அடைந்திருந்தாள். இருவாச்சிகளின் வழக்கப்படி வாசலை மண்ணால் பூசி, அலகு நுழைகிற அளவுக்கு ஒரு துளைதான் விட்டிருந்தார்கள். குஞ்சு பெரிதாகிற வரை அவள் வெளியே வர முடியாது. அந்த மரம் இப்போது உள்ளுக்குள் உளுக்க ஆரம்பித்திருந்தது. மைனாவைக் கேட்டதற்கு, மரத்தை வெட்டி விறகாக்கினால் உளுப்பு பரவாது என்று சொல்லியிருந்தது.

"மரத்து உளுப்புக்கு வைத்தியம்னு ஒரு புத்தகம் இருந்துச்சு" என்றார். சத்தமே வரவில்லை அவருக்கு. "மரங்கொத்தி எடுத்தது. இப்ப உன்கிட்ட இருக்கறதா கதவுல... யாரோ சொன்னாங்க."

"இருக்குங்கய்யா. குளத்தங்கரை மரத்துக்காக வாங்கி வெச்சேன்."

"எனக்கு அது வேணும். நான் தலைவர்ங்கறதுக்காகக் கேக்கல. அவ உள்ள இருக்கா வடிவு. மரம் விழுந்துட்டா எல்லாம் போச்சு." அவர் கண் கலங்கியது. "படிச்சு முடிச்ச அன்னிக்கே நூலகத்துல ஒழுங்காத் திருப்பிக் குடுத்துடறேன். இது சத்தியம்."

"அப்ப தர முடியாதுங்கய்யா" என்றாள் வடிவு.

தணிகாசலம் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். குட்டிகள் ஒரு விராலைத் துரத்திக்கொண்டு முங்கி முங்கி எழுந்தன.

"திருப்பிக் குடுக்க மாட்டேன்" என்றார்.

"படம் ஒட்டணுமே? அடுத்தவங்க யார்கிட்ட வந்து கேக்கறது?"

"ஒட்டிக்கச் சொல்லு."

வடிவு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தாள். மறுநாள் காலையில் அய்யாவு கதவில் புதுப் படம் ஒன்றை ஒட்டினார். அலகு பெரிதாக இருந்ததால் பக்கத்தில் இருந்த சடையனின் படத்தைக் கொஞ்சம் தள்ளி ஒட்ட வேண்டியிருந்தது. தணிகாசலம் அந்தப் பக்கமாகப் பறந்துபோனவர் ஒரு கிளையில் நின்று பார்த்தார். பெயர், மரம், புத்தகம் எல்லாம் சரியாக இருந்தன.

நீதி: புத்தகத்தை இரவல் கொடுக்குமுன் ஆளை நன்றாக விசாரித்துக்கொள், நூலகத்தில் திருப்பிக் கொடுக்கிற கெட்ட பழக்கம் உள்ளவனை நம்பிக் கொடுத்துவிடாதே.